காம்பின் அடியில் வெள்ளி

ஒரு கைப்பிடி வேப்பிலையைக் கழுவி, நறுக்கி, தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். ஆறிய கஷாயத்தில் கொஞ்சம் எடுத்து, நன்றாக நீர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றுங்கள். முதலில் வெளிர்மஞ்சள் தட்டும். ஓரிரு மணி நேரத்தில் அது பழுப்பாகி, கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். கரைந்திருந்த வெள்ளி அயனிகள் இலைச்சாற்றிலிருந்து எலக்ட்ரானை வாங்கி அணுக்களாகி, அணுக்கள் திரண்டு துகள்களாகியிருக்கின்றன. மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு 10 நானோமீட்டர். இந்தத் துகள்கள் பெரும்பாலும் அந்த அளவிலிருந்து அதன் சில மடங்கு வரை இருக்கும். அத்தனை சிறிய வெள்ளிக்கு வெள்ளி நிறம் இல்லை. 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளியை அது விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு மஞ்சள் மிஞ்சுகிறது.

புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு தங்க, வெள்ளித் துகள்களைச் செய்த கட்டுரையை வெளியிட்டது. அதற்குப் பிறகு துளசி, ஆவாரை, கற்றாழை, நொச்சி, ஆடாதோடை என்று வரிசையாக எல்லாம் கொதித்தன. நம் ஊர்க் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இந்தப் பாத்திரத்துக்குத் தப்பிய செடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செய்வது அவ்வளவு சுலபம், செலவும் குறைவு. துகள் கைக்கு வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று தேடினார்கள்: கிருமி, கொசுப்புழு, சாயக்கழிவு, புண்கட்டு. அந்தத் தேடலில் அகப்பட்ட பயன்களில் ஒன்றுதான் கொய்மலரை வாடாமல் வைப்பது. மருந்து முதலில் வந்து, நோய் பிறகு வந்த கதை இது. அதனால் நோயிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஓசூர் பசுமைக்குடிலில் வெட்டிய ரோஜாவை எடுத்துக்கொள்வோம். ஜாடியில் வைத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இதழில் நிறம் குறையாமலே, மொட்டுக்குக் கீழே கழுத்து ஒடிந்ததுபோல் மடங்கிவிடுகிறது. வயதாகிச் சாகும் பூவுக்கு இந்தக் கோலம் வராது. கழுத்துப் பகுதியில் மரத்தன்மை இன்னும் ஏறியிருக்காது; நீரின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் அது மேலே ஏறவில்லை. காம்பின் நீர்க்குழல்களுக்கு அடைப்பு மூன்று வழியில் வருகிறது. வெட்டிய நொடியில் குழலுக்குள் இழுபடும் காற்று ஒன்று. வெட்டுக்காயத்தை மூட செடி தானே சுரக்கும் பொருட்கள் இன்னொன்று. மூன்றாவது, பல பூக்களில் முதன்மையானது, பாக்டீரியா.

பாக்டீரியா எங்கிருந்தும் வரலாம்: வெட்டுக்கத்தி, அலம்பாத வாளி, தண்ணீருக்குள் மூழ்கிய இலை. வெட்டிய காம்பிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அவற்றுக்குச் சாப்பாடு. இங்கே ஒரு விவரம் பின்னால் மிகவும் பயன்படும். ஒரு பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். நீர்க்குழலுக்கும் அடுத்த குழலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வின் துளைகள் அதைவிட எத்தனையோ மடங்கு சிறியவை. ஆகவே பாக்டீரியா மேலே ஏறுவதில்லை. வெட்டு முனையிலும் அதற்கு மேலே சில சென்டிமீட்டருக்குள்ளும் தங்கி, பிசுபிசுப்பான சர்க்கரைப் பசையைச் சுரந்து வழியை அடைத்துவிடுகிறது. காம்பின் அடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நறுக்கிவிட்டால் பூ மறுபடி நிமிர்வது இதனால்தான். செத்த பாக்டீரியாவும் குழலை அடைக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெருகிய பிறகு கொல்வதில் லாபம் இல்லை, பெருகவிடாமல் தடுக்க வேண்டும்.

கார்னேஷனின் சாவு வேறு மாதிரி. காம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டேயிருக்கும்போதே இதழ்கள் உள்பக்கம் சுருண்டு, பூ தூங்கிவிழுவதுபோல் ஆகிவிடும். காரணம் எத்திலீன் என்ற வாயு. பழுக்கும் வாழைத்தாரிலிருந்து வரும் அதே வாயுவைப் பூவும் தன் முதுமையில் தானே உண்டாக்குகிறது. உண்டான எத்திலீன் இன்னும் அதிகமாக உண்டாக்கச் சொல்கிறது. ஆர்க்கிட், டெல்பினியம், ஜிப்சோபிலா போன்றவையும் எத்திலீனுக்கு அஞ்சும் பூக்கள். ஜெர்பராவும் சாமந்தியும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ரோஜா ரகத்துக்கு ரகம் மாறும்.

இந்த இரண்டு சாவையும் வெள்ளி தடுக்கும். ஆனால் செய்யும் வேலையும், செய்யும் இடமும் வேறு. பாக்டீரியாவைத் தடுக்க வெள்ளி காம்பின் அடியில் இருந்தால் போதும். எத்திலீனைத் தடுக்க அது காம்பு முழுதும் ஏறி இதழையும் சூலகத்தையும் எட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தால், இந்தத் துறையில் குவிந்திருக்கும் கட்டுரைகளில் பாதியை நிதானமாக எடைபோட்டுவிடலாம்.

எத்திலீன் கதை பழையது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் எல்மோ பேயர் 1976இல் வெள்ளி அயனி எத்திலீனின் செயலை மறிக்கிறது என்பதைப் பட்டாணி நாற்றிலும் பருத்தியிலும் ஆர்க்கிட் பூவிலும் காட்டினார். சில்வர் நைட்ரேட்டைத் தெளித்தால் சரி. காம்பு வழியாகக் கொடுத்தால் மேலே போகவில்லை. நீர்க்குழலின் சுவர் எதிர்மின் ஏற்றம் கொண்டது. நேர்மின் ஏற்றமுள்ள வெள்ளி அயனி அதில் ஒட்டிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். நெதர்லாந்தில் வேனும் வான் டி கெய்னும் 1978இல் இதற்கு வழி கண்டார்கள். வெள்ளியைத் தயோசல்பேட்டோடு பிணைத்தால் முழுக் கூட்டும் எதிர்மின் ஏற்றம் பெறுகிறது. சுவரில் ஒட்டாமல் விறுவிறுவென்று பூவரைக்கும் ஏறிவிடுகிறது. பழைய போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு இந்தப் பொருள் புதிதல்ல. படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். பிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பை அது கரைத்து எடுக்கும்போது உண்டாவதும் இதே கூட்டுப்பொருள்தான். இருட்டறைத் தொட்டியில் கழிவாகப் போனது மலர்க்கூடத்தில் மருந்தாயிற்று. சில மணி நேரம் இதில் காம்பை நிறுத்தி எடுத்தால் கார்னேஷனின் ஜாடி ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். டச்சு ஏலக்கூடங்களில் இந்த முன்பதனம் இல்லாத கார்னேஷனை வாங்குவதில்லை என்ற நிலையும் வந்தது.

வெள்ளி ஏன் மறிக்கிறது என்பதற்கான விடை இருபது வருடம் கழித்துக் கிடைத்தது. எத்திலீனை உணரும் புரதம் ஒரு செம்பு அயனியைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்று ஆன்டனி பிளீக்கரின் குழு 1999இல் காட்டியது. செம்பின் இடத்தில் வெள்ளி உட்கார்ந்தாலும் எத்திலீன் வந்து ஒட்டுகிறது, ஆனால் செய்தி உள்ளே போவதில்லை. அழைப்பு மணியை யாரோ அழுத்துகிறார், கம்பி மட்டும் அறுந்திருக்கிறது.

தயோசல்பேட்டின் குறை, வேலை முடிந்த பிறகு வாளியில் மிஞ்சும் வெள்ளி. வட கரோலினாவில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன் என்ற வாயுவைக் கொண்டுவந்து 1996இல் காப்புரிமை பெற்றதும் எத்திலீனை மறிக்க வெள்ளி வேண்டாத இன்னொரு வழி திறந்தது. மூடிய அறையில் மிகச் சிறிய அளவு போதும். பூ புதிதாக உணர்புரதத்தை உண்டாக்கும்போது அதன் காவல் தளர்ந்துவிடுகிறது என்பது அதன் பலவீனம்.

நானோ வெள்ளி களத்துக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. 2009இல் சீன ஆய்வாளர்கள் 'ருய்கோ' ரக ஜெர்பராவை லிட்டருக்கு 5 மில்லிகிராம் நானோ வெள்ளியில் 24 மணி நேரம் நிறுத்தி எடுத்தார்கள். காம்பின் முனையில் பாக்டீரியா கட்டுப்பட்டது, பூ அதிக நாள் நின்றது. அடுத்த ஆண்டில் 'மூவி ஸ்டார்' ரோஜாவிலும் அதே போக்கு தெரிந்தது. ஈரானில் அதே 2009இல் 'டூன்' ரக ஜெர்பராவை லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் வெள்ளித் துகளில் வைத்தார்கள். எட்டு நாள் சொச்சம் நின்ற பூ பதினாறு நாள் வரை நின்றது. அந்தச் சோதனையில் தைமால், கார்வக்ரால் என்ற தாவர எண்ணெய்ப் பொருட்களும் இருந்தன. ஓமத்தின் மூக்கைத் துளைக்கும் வாசம் தைமாலுடையது. கார்வக்ரால் இருந்த ஜாடிகளும் வெள்ளி இருந்த ஜாடிகளுக்கு இணையாகப் பேர் வாங்கின. இந்த இரண்டாவது முடிவை மேற்கோள் காட்டுவோர் குறைவு. நானோ என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சி ஓமத்துக்கு இல்லை.

துகள் எப்படி வேலை செய்கிறது? 10 நானோமீட்டர் உருண்டைகளாக ஒரு கிராம் வெள்ளியைப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு சுமார் 57 சதுர மீட்டர். ஒரு கிராமில் 600 சதுர அடி வீட்டுத்தளம். அந்தப் பரப்பிலிருந்து, ஆக்சிஜன் இருக்கும்போது, வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2012இல் செய்த சோதனை ஒன்றில் ஆக்சிஜனே இல்லாத சூழலில் துகளைப் பாக்டீரியாவோடு விட்டார்கள். அயனி கழலவில்லை, பாக்டீரியாவும் சாகவில்லை. கொல்வது அயனி. துகள் அந்த அயனிக்கு ஒரு சுருக்குப்பை: முழுவதையும் ஒரே நாளில் செலவழிக்காமல் நாளுக்குக் கொஞ்சமாக எடுத்துத் தரும். ஒரு வாரம் நிற்க வேண்டிய பூவுக்கு இது நல்ல ஏற்பாடு. காம்பின் அடி என்ற அந்தச் சிறிய இடத்தில் பை தங்கிவிட்டாலே போதும். மேலே ஏற வேண்டியதில்லை. லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் வெள்ளி 200 லிட்டருக்கு வரும், ஆகவே விலையும் பெரிய தடையில்லை.

எத்திலீன் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. கார்னேஷனில் நானோ வெள்ளி கொடுத்தபோது எத்திலீனை உண்டாக்கும் மரபணுக்களின் செயல் குறைந்ததாகக் கட்டுரைகள் உண்டு. அது துகள் இதழுக்குப் போய்ச் செய்த காரியமா, கழன்ற அயனியில் கொஞ்சம் ஏறியதா, அல்லது காம்பு அடைபடாமல் பூ தெம்பாக இருந்ததால் முதுமை தள்ளிப்போனதா? பாக்டீரியாவையே நுழையவிடாத சவ்வுத் துளைகள் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை உள்ளவை; பெரிய துகளுக்கு அங்கே சோதனைச் சாவடிதான். மூன்று காரணங்களையும் பிரித்துப் பார்த்தால்தான் துகளுக்கு எத்திலீன் பட்டயம் கொடுக்கலாம். பூக்கரைசலில் சேர்க்கும் கிருமிக்கொல்லி கிருமியை மட்டும்தான் கொல்கிறதா, அல்லது பூவின் உடலிலும் ஏதேனும் செய்கிறதா என்று தமுனுபொலவும் ஜாய்ஸும் 2008இல் ஒரு நீண்ட மதிப்பாய்வில் கேட்டார்கள். நானோ வெள்ளிக்கு அந்தக் கேள்வி அப்படியே பொருந்துகிறது.

இனி 'தாவர வழி' என்ற அடைமொழி. இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. தாவரம் தருவது வெள்ளியை அல்ல. வெள்ளி சில்வர் நைட்ரேட்டிலிருந்தே வருகிறது, அது வாளியில் போய் முடிவதும் வெள்ளியாகவே. தாவரம் செய்வது இரண்டு வேலை. பாலிபீனால், பிளேவனாய்டு, சர்க்கரை போன்றவை எலக்ட்ரானைக் கொடுத்து அயனியைத் துகளாக்குகின்றன. பிறகு துகளின் மேல் போர்வையாகப் படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. சோடியம் போரோஹைட்ரைடு என்ற கடுமையான வேதிப்பொருளின் வேலையைக் கஷாயம் பார்த்துவிடுகிறது. அது நல்லதுதான். ஆனால் பசுமை என்பது சமைத்த அடுப்பைப் பற்றிய சொல். சமைத்த பண்டம் பூவுக்கும் ஆற்றுக்கும் என்ன செய்யும் என்பதை அந்தச் சொல் சொல்லாது.

கஷாயத்துக்கென்று சில சங்கடங்களும் உண்டு. ஆடியில் பறித்த வேப்பிலையும் மார்கழியில் பறித்த வேப்பிலையும் ஒன்றல்ல. கொழுந்தும் முற்றலும் ஒன்றல்ல. அதனால் துகளின் அளவும் போர்வையும் தவணைக்குத் தவணை மாறும். துகளோடு சேர்ந்து கஷாயத்தின் சர்க்கரையும் ஜாடிக்குள் போகிறது. அது பூவுக்கும் உணவு, பாக்டீரியாவுக்கும் உணவு. இன்னொன்று, செடிச்சாற்றில் இயல்பாகவே குளோரைடு இருக்கிறது. பல கட்டுரைகளின் எக்ஸ் கதிர்ப் படங்களில் 32 பாகைக்கு அருகே ஒரு சிகரம் தலைகாட்டும். அதை 'உயிர்ப்பொருளின் படிகம்' என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சில்வர் குளோரைடு. வெள்ளித் துகள் செய்ததாக நினைத்து, வெள்ளியோடு சில்வர் குளோரைடையும் கலந்து செய்திருக்கிறார்கள். அதுவும் கிருமியைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ச்சீட்டில் எழுதியது ஒன்று, புட்டிக்குள் இருப்பது வேறு.

மெக்சிகோவில் 2016இல் எபசோத்தே என்ற சமையல் மூலிகையால் செய்த துகளை 'பூமா' ரகச் சாமந்தியில் சோதித்தார்கள். அதன்பின் ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா என்று பட்டியல் நீண்டுவிட்டது. படிக்கப் படிக்க ஒரே அமைப்பு கண்ணில் படுகிறது: துகள் கரைசலில் ஒரு ஜாடி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு ஜாடி, துகள் ஜாடி ஜெயிக்கிறது. எதிராளியைக் கட்டிப்போட்டுவிட்டு நடத்தும் குஸ்தி இது. வெறும் தண்ணீரை எதுவும் ஜெயிக்கும். சிட்ரிக் அமிலம் ஜெயிக்கும், ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் ஜெயிக்கும். கஷாயத்தை மட்டும் ஊற்றிய ஜாடி எங்கே? அதே அளவு வெள்ளியைச் சில்வர் நைட்ரேட்டாகக் கொடுத்த ஜாடி எங்கே? துகளைக் கழுவிப் பிரித்த பிறகு மிஞ்சிய தெளிவை ஊற்றிய ஜாடி எங்கே? துகளாகாமல் மிஞ்சிய அயனிதான் எல்லா வேலையையும் செய்தது என்று ஒருவர் சொன்னால், அந்தக் கட்டுரைகளில் பலவற்றிடம் பதில் இல்லை.

தண்ணீர் இன்னொரு சிக்கல். ஆய்வகத்தில் ஊற்றுவது உப்பில்லாத நீர். ஓசூர் பேக்கிங் கூடத்திலும் சென்னை வீட்டிலும் ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. வெறும் 35 மில்லிகிராம் இருந்தாலே, கணக்குப்படி தனித்து நிற்கும் வெள்ளி அயனி லிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராமைத் தாண்டாது. மிச்சம் வெண்மையாகப் படிந்துவிடும். உப்பு கூடக்கூடத் துகள்களும் தங்கள் மின்விலக்கை இழந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், சுருக்குப்பையின் பரப்பு குறையும். தாவரப் போர்வை கனமாக இருந்தால் இந்தத் திரட்சியை ஓரளவு தாங்கும். தாவர வழித் துகளுக்கு உண்மையான மேன்மை ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்க வாய்ப்பு. இதைத்தான் குறைவாகச் சோதிக்கிறார்கள்.

பூ வாடிய பிறகு தண்ணீர் எங்கே போகும்? குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று அதே தரநிலை சொல்கிறது. ஜாடியில் 5 மில்லிகிராம் என்றால் ஐம்பது மடங்கு. நீர்த்தெள்ளு போன்ற சின்ன நீர்வாழ் உயிர்களை மைக்ரோகிராம் கணக்கு வெள்ளியே கொன்றுவிடும். சாக்கடைக் கசடில் வெள்ளி பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகிறது, அது ஆறுதல். ஆனாலும் வீட்டுக்கு வீடு ஒரு பொட்டலம் கொடுத்து ஜாடியில் கலக்கச் சொல்வது வெள்ளியை ஊரெங்கும் தூவுவதுபோல. பேக்கிங் கூடத்தில் ஒரே வாளியில் 24 மணி நேரத் தோய்ப்பு என்றால் நிலைமை வேறு. அந்த ஒரு வாளியில் உப்பைப் போட்டால் கரைந்த வெள்ளி குளோரைடாகப் படியும், துகள்கள் திரண்டு அடியில் தங்கும். கசடை வடித்து எடுத்து மீட்கலாம். வெள்ளியைப் பயன்படுத்துவதென்றால் கூடத்தோடு நிறுத்திக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓசூருக்கு இது பொருந்தலாம். அமுதகொண்டப்பள்ளியின் ரோஜாக் குடில்களிலிருந்து காதலர் தினத்துக்காக விமானம் ஏறும் சிவப்பு ரோஜாவுக்கு ஒவ்வொரு நாளும் பணம். நீலகிரியின் கார்னேஷனுக்கு எத்திலீன்தான் பகை, ஆகவே அங்கே துகளைவிடத் தயோசல்பேட்டோ மெத்தில்சைக்ளோபுரோப்பீன் வாயுவோதான் முதல் தேர்வு. கல்யாண மேடையில் குத்தும் ஜெர்பரா ஒரு சாயங்காலம் நின்றால் போதும். அதற்கு வெள்ளி வீண். நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் மாட்டுத்தாவணியிலும் விடிவதற்குள் விற்றுத் தீரும் பூவுக்கோ இந்த ஆராய்ச்சி முழுவதும் வெளிவாசலோடு நின்றுவிடுகிறது. மல்லி உதிரிப்பூ. கொய்த மொட்டில் தண்ணீர் குடிக்கும் அளவுக்குக் காம்பில்லை, அது ஜாடியில் நிற்பதுமில்லை. வெள்ளியைக் கொடுக்க வேண்டுமானால் மேலே தெளிக்க வேண்டும். தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் போகிற பூவில் அதைத் தெளிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மல்லிக்குக் குளிரும் ஈரமும்தான் இன்றும் மருந்து. சம்பங்கி மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது: ஓரடுக்குப் பூ உதிரியாக மாலைக்குப் போகும், ஈரடுக்குப் பூ தண்டோடு ஜாடிக்குப் போகும். தமிழ்நாட்டுப் பூ ஒன்றில் இதைச் சோதிப்பதென்றால் ஈரடுக்குச் சம்பங்கியே பொருத்தம்.

அதற்கு ஆறு வாளி வேண்டும். முதல் வாளியில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் குளோரின் மாத்திரை, ஏனென்றால் ஜெயிக்க வேண்டியது அதைத்தான். மூன்றாவதில் வேப்பிலைக் கஷாயம் மட்டும். நான்காவதில் அளந்து போட்ட சில்வர் நைட்ரேட். ஐந்தாவதில் அதே எடை வெள்ளி, நன்றாகக் கழுவிய தாவரவழித் துகளாக. ஆறாவதில் தயோசல்பேட் கூட்டு. பூ சாகக் காரணம் காம்பின் அடியா இதழா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். ஆறையும் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல், பூவை வெட்டும் தோட்டத்தின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே கலக்க வேண்டும்.